எப்போது பேசக் கூடாது என்று தெரிந்த உதவியாளர்

தொண்ணூறுகளின் இறுதியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் எம்.எஸ். ஆபீஸ் படித்தவர்கள் கிளிப்பியை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு பெரிய கண்களும் புருவமும் வைத்த ஒரு ஜெம் கிளிப். திரையின் ஓரத்தில் சும்மா நெளிந்துகொண்டிருக்கும். வேர்டில் ‘டியர்’ என்று தட்டியதுதான் தாமதம், கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா என்று முன்னால் வந்து நிற்கும். வேண்டாம் என்றால் போய்விடும். அடுத்த கடிதத்துக்கு மறுபடி வரும். ஆபீஸ் 97-இல் அறிமுகமான இந்தப் பாத்திரத்தை ஊரே வெறுத்தது. 2001-இல் ஆபீஸ் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை அணைத்த நிலையில் கொடுத்ததோடு, அதைக் கேலி செய்தே விளம்பரமும் செய்துகொண்டது. ஆபீஸ் 2007-இல் ஆளையே காணோம்.

ஆனால் கிளிப்பியின் பின்னணியில் இருந்த ஆராய்ச்சி கேலிக்குரியதல்ல. தகவல் வெள்ளத்திலிருந்து நம்மைக் கரையேற்றுவதாகச் சொல்லி இன்று போனுக்குள் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை எடைபோட, அந்தப் பழைய ஆராய்ச்சியைவிட நல்ல தராசு இதுவரை வரவில்லை என்பது என் எண்ணம்.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் 1993-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் ‘லூமியர்’. நடத்தியவர்களில் முதன்மையானவர் எரிக் ஹார்விட்ஸ். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர். அறிகுறிகளை வைத்து நோயை ஊகிக்க மருத்துவ ஆராய்ச்சியில் பயன்பட்ட நிகழ்தகவுக் கணக்கை, கணினிமுன் உட்கார்ந்திருப்பவரின் தேவையை ஊகிக்கத் திருப்பினார்கள். மெனுக்களை வரிசையாகத் திறந்து மூடுகிறாரா, செய்ததை உடனே திரும்பப் பெறுகிறாரா, எதையோ தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே அசையாமல் இருக்கிறாரா? இவையெல்லாம் அறிகுறிகள். இவற்றிலிருந்து, ‘இவருக்கு இப்போது உதவி தேவைப்படுவதற்கான வாய்ப்பு இவ்வளவு’ என்று ஓர் எண் கிடைக்கும்.

இந்தத் திட்டத்துக்காக நடந்த சோதனை ஒன்று சுவையானது. பயனாளரை ஓர் அறையில் வேலை செய்யவிட்டு, நிபுணர்களை இன்னோர் அறையில் உட்காரவைத்து, பயனாளரின் திரையை மட்டும் காட்டினார்கள். நிபுணர்கள் அங்கிருந்தபடியே யோசனைகளைத் தட்டி அனுப்பலாம். பயனாளர் அதை எந்திரம் சொல்வதாக நினைத்துக்கொள்வார். இதில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. எதிராளிக்கு என்ன வேண்டும் என்று ஊகிப்பது மனித நிபுணர்களுக்கே சிரமமாக இருந்தது. மேலும், தவறான யோசனை வந்தால் பயனாளர்கள் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கவில்லை. சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று நம்பி அதன் பின்னாலேயே போனார்கள். கையிலிருந்த வேலை நின்றது. வேண்டாத உதவி பாரமில்லாத சமாச்சாரம் என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிட்டது.

கடைக்கு வந்த ஆபீஸ் 97-இல் இந்தக் கணக்கில் பெரும்பகுதி சேர்க்கப்படவில்லை. பயனாளர் செய்கைகளுக்கு எளிய விதிகள் வைக்கப்பட்டன: இது நடந்தால் அதைச் சொல். நீங்கள் யார், எத்தனை முறை வேண்டாமென்றீர்கள் என்பதை நினைவில் வைக்கும் பயனாளர் குறிப்பு எதுவும் இல்லை. மூளையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அனுப்பினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஹார்விட்ஸ் விடவில்லை. 1999-இல் அவரும் சகாக்களும் ‘ப்ரையாரிட்டீஸ்’ என்ற மின்னஞ்சல் அமைப்பை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை இரண்டே செலவுகள். செய்தியை இப்போது சொல்லாமல் தாமதித்தால் வரும் நஷ்டம் ஒன்று. இப்போது சொல்லி வேலையைக் கலைத்தால் வரும் நஷ்டம் மற்றொன்று. எது பெரிதோ அதைத் தவிர்க்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கணக்கு அவர்களுடையது. மாதக் கடைசி, நீங்கள் வரவு செலவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் கவனம் கலைந்தால் உங்களுக்குப் பத்து ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மின்னஞ்சல் வருகிறது. அது அவசரமானதாக இருக்க வாய்ப்பு 5 விழுக்காடு. அவசரமானதாக இருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூறு ரூபாய் போகும். ஆக, தாமதத்தின் எதிர்பார்ப்பு நஷ்டம் ஐந்து ரூபாய். பத்தைவிடக் குறைவு, எனவே உதவியாளர் வாய் திறக்கக் கூடாது. இன்னொரு செய்தி, அவசர வாய்ப்பு 40 விழுக்காடு. நஷ்டம் நாற்பது ரூபாய். உடனே சொல்ல வேண்டும். இதில் நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், அந்த முதல் மின்னஞ்சலே நீங்கள் பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கும்போது வந்திருந்தால் கலைக்கும் செலவு ஒரு ரூபாய்தான். அப்போது அதையும் சொல்லிவிடலாம். ஆக, ‘முக்கியமான செய்தி’ என்று தனியாக ஒன்று கிடையாது. யாருக்கு, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்பதெல்லாம் சேர்ந்துதான் முக்கியம் முடிவாகிறது.

கலெக்டர் அறை வாசலில் நிற்கும் டபேதார் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறார். யாரை உள்ளே விடுவது, யாரை பெஞ்சில் உட்காரவைப்பது, யாரைச் செக்‌ஷனுக்கே திருப்பி அனுப்புவது என்று முகம் பார்த்ததும் முடிவெடுப்பார். உள்ளே மீட்டிங் நடக்கிறதா, சார் சாப்பிட்டாரா என்பதும் அவர் கணக்கில் உண்டு. ப்ரையாரிட்டீஸ் இந்த முகம் பார்க்கும் வேலையைத் தடயங்களாகப் பிரித்தது. கடிதம் எனக்கு மட்டும் வந்ததா, நூறு பேருக்குப் போனதா? அனுப்பியவர் மேலதிகாரியா? வாசகங்கள் நடந்து முடிந்ததைப் பேசுகின்றனவா, நடக்கப்போவதைப் பேசுகின்றனவா? மறுபக்கம் நாட்காட்டியில் கூட்டம் இருக்கிறதா, விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தது.

ஆய்வுக்கூடத்தில் இருந்த இந்தச் சிந்தனை பெருவாரியான மக்களைத் தொட்டது 2010-இல், ஜிமெயிலில் ‘ப்ரையாரிட்டி இன்பாக்ஸ்’ வந்தபோது. கூகுள் பொறியாளர்கள் அதன் உள்வேலையை ஒரு சிறு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். எல்லாப் பயனாளர்களின் நடத்தையிலிருந்தும் கற்ற ஒரு பொது மாதிரி. அதன்மேல் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு திருத்தம். கடிதம் அனுப்பியவருடைய கடிதங்களில் நீங்கள் எத்தனையைத் திறக்கிறீர்கள், அந்த உரையாடலை நீங்கள்தான் தொடங்கினீர்களா, நீங்கள் வழக்கமாகக் கவனிக்கும் சொற்கள் அதில் உள்ளனவா என்று நூற்றுக்கணக்கான தடயங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் முக்கியம் என்ற கோடும் ஆளுக்கு ஆள் மாறும். ஊகம் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக இருந்தது. கூகுள் ஊழியர்களிடம் பார்த்தபோது, இதைப் பயன்படுத்தியவர்கள் மின்னஞ்சலில் செலவிட்ட மொத்த நேரம் 6 விழுக்காடும், முக்கியமில்லாத கடிதங்களில் செலவிட்ட நேரம் 13 விழுக்காடும் குறைந்திருந்தன.

ஆறு விழுக்காடு பெரிய சாதனையா என்று கேட்கலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் கடிதம் பார்ப்பவருக்கு ஏழு நிமிடம் மிச்சம். என்னைக் கேட்டால், பொய் சொல்லாத ஓர் எண் அது. உதவியாளரை விற்பவர்கள் இன்று போடும் எண்களைப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. முக்கியம் என்பதற்கு எந்திரத்துக்குக் கொடுத்த இலக்கணம் என்ன? கடிதம் வந்ததிலிருந்து ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் அதை ஏதாவது செய்தீர்களா என்பதுதான். அதாவது எந்திரம் கற்பது உங்கள் விரல் செய்வதை. உங்கள் மனம் விரும்புவதை அல்ல. மின்னஞ்சலில் இவ்விரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். சமூக ஊடகத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோனபோது இடைவெளி அகழியானது. யூடியூப் 2012-இல் சொடுக்குகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பார்த்த நேரத்தை அளவுகோலாக்கிப் பரிந்துரைத்தது. ஃபேஸ்புக் 2017 முதல் ஒரு கோபக் குறிக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை தந்தது. சிரிப்பு, அன்பு, வியப்புக் குறிகளுக்கும் அதே எடைதான், ஆனால் கோபம் மூட்டும் பதிவுகள் அதனால் நன்றாகப் பரவின. 2020-இல் கோபத்தின் எடையைச் சுழியாக்கினார்கள். கணிதம் அதேதான். இங்கே குறைக்கப்படுவது உங்கள் நஷ்டமல்ல. கூட்டப்படுவது அவர்கள் திரையில் நீங்கள் கழிக்கும் நேரம்.

எனவே ஓர் உதவியாளர் எவ்வளவு புத்திசாலி என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த எண்ணைக் குறைக்கப் பார்க்கிறது என்று கேட்டாக வேண்டும். பொருளாதாரத்துக்காக 1978-இல் நோபல் பெற்றவரும் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவருமான ஹெர்பர்ட் சைமன், 1971-இலேயே இதற்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். தகவல் பெருகினால் குறைவது கவனம் என்று அவர் சொன்னதை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதே கட்டுரையின் அடுத்த கருத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. தகவலைக் கையாளும் எந்த அமைப்பும் தான் உள்வாங்குவதைவிடக் குறைவாக வெளியிட்டால் மட்டுமே நம் சுமையைக் குறைக்கும். அதிகம் கேட்டு, அதிகம் யோசித்து, குறைவாகப் பேச வேண்டும் என்பது அவர் வாதம். கணினியை வாங்கிப்போட்டு அறிக்கைகளை அச்சடித்துத் தள்ளிய அலுவலகங்களைப் பார்த்து அவர் சொன்னது இது.

இந்தச் சோதனையில் இன்றைய உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் தேறுமா? முதல் பார்வையில் இவை அதற்கென்றே பிறந்தவைபோலத் தோன்றும். பழைய வடிகட்டிகளுக்குக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. சொற்களை எண்ணத்தான் தெரியும். 1998-இல் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய குப்பை மின்னஞ்சல் வடிகட்டியும், பால் கிரகாம் 2002-இல் பரப்பிய வடிகட்டியும், ‘இந்தச் சொல் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது’ என்ற பேயஸ் தேற்றக் கணக்கை வைத்தே வேலை செய்தன. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. தமிழில் அப்படியே போட்டால் வங்கி, வங்கியில், வங்கியிலிருந்து, வங்கிக்கும், வங்கியோடு எல்லாம் அதற்குத் தனித்தனிச் சொற்கள். ஒன்றிலிருந்து கற்றது மற்றொன்றுக்கு உதவாது. போதாக்குறைக்கு நம்மில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மொழி மாதிரிகள் சொற்களைச் சிறு துண்டுகளாக உடைத்து, அவை எந்தச் சூழலில் வருகின்றன என்று கற்பதால் இந்தத் தடையைப் பெருமளவு தாண்டிவிட்டன. ஐம்பது கடிதம் கொண்ட உரையாடலை நான்கு வரியில் சுருக்கித் தருகின்றன. உள்வாங்குவது ஐம்பது, வெளியிடுவது நான்கு. சைமன் மகிழ்ந்திருப்பார்.

சுருக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. தூக்கி எறியும் சொல் எது என்பதுதான் அது. மழைக்காலத்தில் பள்ளிக் குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு செய்தி: ‘நாளை நம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று பரவிவரும் தகவல் உண்மையல்ல.’ போனின் பூட்டுத்திரையில் தெரிவது முதல் ஒரு வரிதான். ‘நாளை நம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று பரவி...’ அத்தோடு வெட்டுப்படும். தமிழில் தீர்ப்பு வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, முடியாது எல்லாம் வாலில்தான். இந்த ஊர்ப் பெற்றோருக்கு ஓர் உதவியாளர் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள வேலை, அந்த வாலை முன்னால் கொண்டுவந்து ‘நாளை பள்ளி உண்டு’ என்று மூன்று சொல்லில் சொல்வது. அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டாலோ, உதவியாளர் இல்லாமலே இருந்திருக்கலாம்.

இது வீண் பயமல்ல. 2024 டிசம்பரில் ஆப்பிளின் ஐபோன், செய்தி நிறுவனங்கள் அனுப்பும் அறிவிப்புகளைத் தானாகச் சுருக்கிக் காட்டத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் கைதானவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று, பிபிசியின் பெயரில் ஒரு சுருக்கம் வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பிபிசி அப்படிச் சொல்லவும் இல்லை. பிபிசி புகார் செய்தது. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்திவைத்தது. லூமியர் சோதனையில் தெரியவந்த அதே உண்மை: எந்திரம் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். நான்கு வரிச் சுருக்கத்தைப் படித்தவர் ஐம்பது கடிதத்தையும் திறந்து சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பதாக இருந்தால் சுருக்கம் எதற்கு?

அதிகம் கேட்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. எல்லாக் கடிதங்களையும் படிக்கும் உதவியாளருக்கு, கடிதத்தில் இருப்பது வெறும் செய்தியா, தனக்கு இடப்பட்ட கட்டளையா என்று பிரித்தறிவது இன்னமும் கடினம். மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற உதவியாளரில் ‘எக்கோலீக்’ என்று பெயரிடப்பட்ட ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வெளியே தெரிந்தது. தந்திரமாக எழுதிய ஒரு மின்னஞ்சலை வெளியாள் அனுப்பினால் போதும். பெறுபவர் எந்த இணைப்பையும் தட்ட வேண்டியதில்லை. உதவியாளர் தன் வேலையாக அதைப் படிக்கும்போது, அதற்குள் இருக்கும் வாசகத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் தகவலை வெளியே கசியவிடச் சாத்தியம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. அந்த வகை ஆபத்து அடைபட்டுவிட்டது என்று துறையில் இருப்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊருக்கென்றே செய்யப்பட்ட உதவி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இந்தியர்களின் போன்கள் ஏன் இடமில்லாமல் திணறுகின்றன என்று கூகுள் தேடிப்போனபோது சிக்கியது, ரோஜாப்பூவும் சூரியனும் போட்ட ‘குட் மார்னிங்’ படங்கள். அவற்றை அடையாளம் காணக் கற்ற ஒரு வசதியைத் தன் ‘ஃபைல்ஸ் கோ’ செயலியில் 2018 வாக்கில் சேர்த்தது. சேர்த்துக் காட்டும்; அழிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடும். தானாக அழித்துவிட்டால் பெரியப்பா அனுப்பிய படத்துக்குப் பதில் போடாத குற்றம் யார் தலையில் விழும்? அந்த விஷயத்தில் கூகுள் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டது. செய், கேள், சும்மா இரு என்று உதவியாளருக்கு மூன்று வழிகள் உண்டு, நம்பிக்கை குறைந்த இடத்தில் கேட்பதே முறை என்பது 1999-இல் ஹார்விட்ஸ் வகுத்த கொள்கைகளில் ஒன்று.

அப்படியானால் எல்லா அறிவிப்புகளையும் ஒரேயடியாக அணைத்துவிடலாமே? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் கணினி முன்னால் இருப்பவர்களின் கவனத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தவர். 2004-இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், சமீப ஆண்டுகளில் 47 விநாடிக்கு இறங்கிவிட்டது என்கிறார். அதைக் கேட்டால் போனைக் கிணற்றில் போடத் தோன்றும். ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு சொல்கிறது. 237 பேரைப் பிரித்து, சிலருக்கு அறிவிப்புகள் வழக்கம்போலவும், சிலருக்கு மணிக்கொரு முறை சேர்த்தும், சிலருக்கு நாளுக்கு மூன்று முறை சேர்த்தும், சிலருக்கு அறவே இல்லாமலும் இரண்டு வாரம் விட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு மூன்று முறை பெற்றவர்களுக்குக் கவனம் கூடியது, மன அழுத்தம் குறைந்தது, போன் தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக உணர்ந்தார்கள். ஒன்றுமே வராதவர்களுக்கோ எதையாவது தவறவிடுகிறோமோ என்ற பதற்றம்தான் கூடியது. இதற்கு எந்தப் பெரிய மொழி மாதிரியும் தேவைப்படவில்லை. ஒரு கடிகாரம் போதுமானதாக இருந்தது.

சந்தையில் எந்த உதவியாளர் சிறந்தது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் பெயர் சொல்வதில்லை. மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். நாளின் முடிவில் அது உங்களிடம் பேசியது அதிகமா, பேசாமல் பார்த்துக்கொண்டது அதிகமா? சுருக்கத்திலிருந்து மூலச் செய்திக்கு ஒரே தட்டில் போக முடிகிறதா? வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை அது மறுநாளும் நினைவில் வைத்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியில் கிளிப்பி தோற்றது. இன்றைய பல செயலிகளும் தோற்கும்.

செலவில்லாமல் தொடங்க வேண்டும் என்றால் கையிலிருக்கும் போனே போதும். ஆண்ட்ராய்டில் ஒருவருடைய உரையாடலை மட்டும் முன்னுரிமை என்று குறித்துவைக்க 2020 முதல் வழி இருக்கிறது. ஐபோனில் அவசரமில்லாத அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து, நீங்கள் குறித்த நேரத்தில் மட்டும் கொடுக்கும் வசதி 2021-இல் வந்தது. ஆண்ட்ராய்டில் புதிதாக நிறுவிய செயலி, அறிவிப்பு அனுப்ப முதலில் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நிபந்தனை வந்ததே 2022-இல்தான். அதுவரை கேட்காமலே அனுப்பலாம். அந்த முன்னுரிமையும் அந்தச் சேர்த்துவைக்கும் வசதியும் போனோடு தானாக இயங்கத் தொடங்குவதில்லை. செட்டிங்ஸுக்குள் போய் நீங்கள்தான் போட வேண்டும்.